கணினியில் இணையம் திடீரென நின்றால்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் காத்திருக்க, நம் அலுவலகக் கணினியில் இணையம் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் மாலையில்தான் வந்தார். அறையைப் பெருக்கியபோது கேபிள் இழுபட்டுத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குள் இருவர் திரும்பிப் போயிருந்தனர். அன்று கற்றதை இங்கே தருகிறேன்.

முதலில், குறை கணினியிலா, வெளியிலா என்று பிரித்தறியுங்கள். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே ரூட்டரின் வைஃபையில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். அதிலும் வராவிட்டால் ரூட்டரை அணைத்து, 1 நிமிடம் கழித்துப் போடுங்கள். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் சிக்னலே வரவில்லை என்று பொருள். இணைப்புத் தந்தவரிடம் புகார் செய்யுங்கள்.

கைப்பேசியில் வந்து கணினியில் மட்டும் வரவில்லையா? கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, 'டிக்' என்று கேட்கும்படி செருகுங்கள். செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் வராவிட்டால், விண்டோஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை. இரண்டையும் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

புகார் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். விண்ணப்பங்களைக் கடைசி நாளுக்கென்று வைக்காதீர்கள்.