அயர்லாந்து மறுத்த திருத்தம்

அயர்லாந்தின் அரசியல் சட்டத்தில் 41-ஆவது ஷரத்து விசித்திரமானது. ஸ்திரீ தன் இல்வாழ்வினால் ராஜ்யத்துக்குப் புரியும் உதவியின்றிப் பொதுநலம் கைகூடாது என்கிறது. வறுமையின் நிர்ப்பந்தத்தால் தாய்மார் வீட்டுக் கடமையைக் கைவிட்டு வேலைக்குச் செல்ல நேராதபடி சர்க்கார் பிரயத்தனம் செய்யும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஸ்ரீ டிவேலரா காலத்தில், 1937-இல், இயற்றப்பட்டது. புகழ்ச்சிக்குக் குறைவில்லை, பலன்தான் பூஜ்யம். குடும்ப வீட்டில் பங்கு கோரி இந்த ஷரத்தை நம்பி வழக்காடிய ஒரு மனைவிக்கு, இதனால் அத்தகைய பாத்தியதை எதுவும் கிட்டாதென்று 1990-களின் ஆரம்பத்தில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

இதை நீக்க 2024 மார்ச் 8-ஆம் தேதி ஜனங்களின் ஓட்டுக் கேட்கப்பட்டது. ஸ்திரீயைப் பற்றிய வாசகத்தை எடுத்துவிட்டு, குடும்பத்தார் ஒருவருக்கொருவர் செய்யும் பராமரிப்பைப் போற்றி, அதனை ஆதரிக்க ராஜ்யம் முயலும் என்று எழுதுவதே பிரேரணை. பிரதான கட்சிகள் ஆதரித்தன. ஓட்டளித்தவரில் சுமார் 74 சதவிகிதத்தினர் 'வேண்டாம்' என்றனர்!

இவர்கள் பழைமைப் பித்தர்களா? சிலர் அப்படியும் இருந்திருக்கலாம். பாதிக்கு மேற்பட்டோர் ஓட்டுச்சாவடிக்கே வரவில்லை என்பதும் மெய்யே. ஆயினும் ஒரே பாலார் விவாகத்தை 2015-இலும், கருச்சிதைவுத் தடையின் நீக்கத்தை 2018-இலும் ஓட்டுப் போட்டு ஏற்ற தேசம் அது. கோளாறு 'முயலும்' என்ற சொல்லில் இருந்தது. பராமரிப்புக்கு வேண்டிய நியாயமான நடவடிக்கைகளை எடுக்க ராஜ்யம் கட்டுப்பட்டதாக வேண்டுமென்று, சாமானியப் பிரஜைகள் கூடிய சபை 2021-இல் சிபாரிசு செய்திருந்தது. மந்திரிகள் கடமையைக் கழற்றிவிட்டு முயற்சியை வைத்தார்கள். 'கடனைத் தீர்க்க முயல்வேன்' என்று புரோநோட்டு எழுதினால் எந்த லேவாதேவிக்காரன் பணம் கொடுப்பான்?

ஊனமுற்றோருக்காகப் பேசியவர்கள் இதைக் கண்டுகொண்டனர். பந்துக்களின் தயவில் கிடப்பதா எங்கள் கதி, பந்துக்களே இல்லாதவன் எங்கே போவான் என்று அவர்கள் கேட்டதற்குத் தக்க விடை வரவில்லை. அவர்கள் மறுத்தது நியாயமென்றே நாம் கருதுகிறோம். அதனால் 1937-ஆம் வருஷத்து வாசகமும் நீங்காமல் நின்றது. அந்தப் பழி மந்திரிகளையே சாரும்.

நமக்கு இது அயலூர்ச் சமாசாரமன்று. கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்றிக்கொள்ள முடியாத கொள்கைகளைச் சட்டத்தில் பொறிக்கும் முறையை நாம் அயர்லாந்திடமிருந்தே பெற்றோம். முதுமையிலும் நோயிலும் ஊனத்திலும் ராஜ்யம் உதவுமென்று நம் அரசியல் சட்டத்தின் 41-ஆவது ஷரத்தும் கூறுகிறது. பொருள் வசதிக்கு உட்பட்டே என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. அந்த வாசகத்தை நம் ஜனங்களிடம் எவரும் ஓட்டுக்கு விட்டதில்லை.