கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் போர்க்கால வாழ்க்கை

தமிழர் வாழ்வை அகம், புறம் எனப் பகுத்த தொல்காப்பியம் போரைப் புறத்தில் வைத்தது. புறநானூறும் பதிற்றுப்பத்தும் பரணி நூல்களும், இசுலாமியத் தமிழ்ப் புலவர்கள் படைத்த படைப்போர் இலக்கியங்களும் போரைப் பாடுகின்றன. முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையுமோ பாசறையில் இருக்கும் தலைவனையும் மனையில் காத்திருக்கும் தலைவியையும் ஒருங்கே காட்டுகின்றன. போர் புறம் மட்டுமன்று, அகமும் ஆகும் என்பது இவ்விரு பாட்டுகளால் புலப்படும். எனினும் இவற்றில் பேசுபவர் புலவரே. போரில் சிக்கிய மனிதர் தம் வாய்மொழியாகவே விட்டுச் சென்றவை கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஆகும். அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு

சென்னையில் பிறந்து புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் மறைவு வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர் 1746-இல் சென்னையைக் கைப்பற்றியதும், ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் மைந்தர் மாபூஸ்கான் தலைமையில் வந்த பெரும்படை அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படையிடம் தோற்றதும் அவர் வாழ்நாளில் நிகழ்ந்தவை.

வரலாற்று நூல்கள் இப்போர்களின் வெற்றி தோல்விகளைக் கூறும். பிள்ளையின் குறிப்புகளோ எந்தக் கப்பல் வந்தது, என்ன வதந்தி பரவியது, யார் யார் தம் குடும்பத்தை ஊரைவிட்டு வெளியேற்றினர் என்பனவற்றைக் கூறுகின்றன. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதனால் மக்கள் அடைந்த துயரத்தையும் அவர் பதிவு செய்துள்ளார். ஆளுநர் துய்ப்ளேக்கு நெருக்கமாயிருந்தவர் அவர். அந்த ஆட்சி செய்த கொடுமையை வாய்விட்டுக் கண்டிக்க இயலாத நிலையில் ஏட்டிடம் சொல்லி ஆறியிருக்கிறார் எனக் கொள்ளலாம். பாரசீகமும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் கலந்த அன்றைய பேச்சுத்தமிழே அவர் நடை. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் மறைந்தார்.

தணிக்கையைக் கடந்த மடல்கள்

முதல் உலகப் போரில் (1914-1918) ஏறத்தாழ 10 லட்சம் இந்தியர் கடல் கடந்து சென்றனர். அவர்களுள் 70,000-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். பிரான்சுக் களத்திலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைப் படித்துப் பார்க்கத் தனித் தணிக்கை அலுவலகம் ஒன்று இயங்கியது. அங்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுக்கப்பட்ட பகுதிகள் இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் மூலக் கடிதங்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. வீட்டாருக்காக எழுதப்பட்ட சொற்கள், அவற்றை ஐயத்தோடு நோக்கியவர்களின் கோப்புகளால் பிழைத்தன என்பது வியப்புக்குரியது.

எழுதத் தெரியாத சிப்பாய் பிறரைக் கொண்டு எழுதுவித்தான். ஊரிலும் வேறொருவரே அதைப் படித்துக் காட்டினார். இடையில் தணிக்கையாளரும் இருந்தார். ஆகவே சொல்ல வேண்டியதை மறைபொருளாகச் சொல்லும் உத்தி பிறந்தது. கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகு என்றால் வெள்ளைச் சிப்பாய். கருமிளகு தீர்ந்து வருகிறது என்று எழுதினால் ஊரார் உணர்ந்துகொள்வர்.

எனினும் இக்கடிதங்கள் துயரம் மட்டும் பேசவில்லை. குளிரையும் சேற்றையும் கூறியவர்களே, பிரெஞ்சுப் பெண்கள் கல்வி பெற்று வயலையும் கடையையும் தாமே நடத்துவதைக் கண்டு, நம் பெண் மக்களையும் படிக்க வையுங்கள் என்று வீட்டுக்கு எழுதினர். காயமுற்றோர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர அரண்மனையில் அமைந்த மருத்துவமனையில் தங்கினர். அங்கு இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் தனித்தனிச் சமையற்கூடங்கள் இருந்தன. மறைந்த முசுலிம் வீரர்களை நல்லடக்கம் செய்ய வோக்கிங் நகரில் அடக்கத்தலம் அமைக்கப்பட்டது.

இக்கடிதங்களுள் பெரும்பாலானவை வடஇந்தியச் சிப்பாய்களுடையவை. தமிழகத்துச் சிற்றூர்களிலோ, இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று பொறித்த கற்களே காணப்படுகின்றன. கல்லில் எண்ணிக்கை உண்டு, குரல் இல்லை.

பர்மாவிலிருந்து நடந்தோர்

இரண்டாம் உலகப் போரில் 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் அந்நகர் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் காடும் மலையும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். காலராவாலும் மலேரியாவாலும் வழியில் மாண்டோர் பலர். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் துணைவியாருடன் நடந்து வந்த அனுபவத்தை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்னும் நூலாக்கினார். அவரைப் போல் எழுத வல்லவர் ஒருவர் நடந்ததால் அவ்வழி நமக்குத் தெரிகிறது.

எழுத்தில்லா இடமும் உண்டு. 1942-43-இல் ஜப்பானியர் அமைத்த 415 கி.மீ. நீளச் சயாம்-பர்மா இரயில் பாதையில் உழைத்த மேலைநாட்டுப் போர்க்கைதிகள் ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதினர். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு அங்கே மடிந்த தமிழ்த் தொழிலாளர் எத்தனை பேர் என்ற கணக்குக்கூடத் திட்டமாக இல்லை. எழுத்தறிவு பெற்றவன் துன்பம் வரலாறாகிறது; பெறாதவன் துன்பம் எண்ணிக்கையாகக்கூட நிலைப்பதில்லை.

நம் வீட்டுப் பெட்டிகள்

என் பாட்டியாரின் தந்தையார் ரங்கூனில் சிறு கடை வைத்திருந்தவர். அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் நெடுநாள் இருந்தன. அவை அரபுத்தமிழில், அதாவது தமிழ்மொழியை அரபு எழுத்தில் அமைத்து எழுதப்பட்டவை. அக்காலத்து முசுலிம் பெண்டிர் பலர் அறிந்திருந்தது அவ்வெழுத்தே. பாட்டியார் மறைந்தபின் அவற்றைப் படிக்க எங்கள் இல்லத்தில் எவருமில்லை. தமிழ் இலக்கியம் பயிற்றும் எனக்கும் அவ்வெழுத்து ஓடவில்லை. அரபு எழுத்துள்ள தாள் காலில் மிதிபடலாகாது என்ற பேணுதலால் பெரியவர்கள் அவற்றைக் கிணற்றில் இட்டனர். செய்தவர் நோக்கம் நல்லதே. அத்தாள்களில் இருந்ததும் தமிழே என்று எடுத்துச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. போர்க்காலத்து ரங்கூனைப் பற்றி எங்கள் குடும்பம் அறிந்திருக்கக்கூடிய அனைத்தும் அவற்றோடு போயிற்று.

யான் வாழும் கோவில்பதாகை, ஆவடியை அடுத்த ஊர். ஆவடியோ இரண்டாம் உலகப் போரின்போது பெரும் இராணுவக் கிடங்காக விளங்கிய இடம். இந்தியா விடுதலை பெற்றபின் அங்கு எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான விஜயந்தா டாங்கிகள் 1971 போரில் பங்கேற்றன. இப்பகுதியில் தொழிற்சாலையிலும் படையிலும் பணியாற்றிய குடும்பங்கள் பல. ஊர்ப்பெயர் இன்றி எண் மட்டும் கொண்ட இராணுவ அஞ்சல் முகவரியிலிருந்து வந்த இன்லண்டு கடிதங்கள் இவ்வீடுகளில் இன்னும் சில இருத்தல் கூடும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழங்கடிதம் கிடைத்தால் எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்த ஆண்டு, எதைச் சொல்லாமல் விட்டார் என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அரபுத்தமிழ் படிக்க வல்ல முதியோர் நம் ஜமாஅத்துகளில் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவ்வெழுத்தைக் கற்றுக்கொள்வது தமிழ்த்துறை மாணவர்க்கு உரிய கடமையாகும். ஓலைச்சுவடிகளைத் தேடிய முன்னோரால் சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது. எளிய மக்களின் கடிதங்களைத் தேடுவோர் யாரேனும் உங்களிடையே தோன்றுவாராயின் இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.