காய விடக்கூடாத மண்

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வர்க்கலா வந்துவிடும். பாபநாசம் கடற்கரைக்குப் போகிறவர்கள் செக்கச்செவேலென்று நிற்கும் குன்றை அண்ணாந்து பார்ப்பார்கள். 1882இல் நிலவியலாளர் வில்லியம் கிங் இந்த ஊரின் பெயரையே சூட்டிய பாறை அடுக்குகள் அவை. அவற்றில் கரிக்களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் உண்டு; இடையிடையே மார்கசைட் கட்டிகளும் கிடக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது, பைரைட்டின் உடன்பிறப்பு.

காற்றுப் படாத ஆழத்தில் இருக்கும்வரை இவை சாது. வெட்டி வெளியே போட்டால் காற்றும் நீரும் சேர்ந்து கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கிவிடும். இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைப் பல மடங்கு முடுக்கிவிடும். சுரங்கத்தில் தாதுவுக்காக உடைத்துக் கொட்டிய கழிவுப்பாறைக் குவியல் இதற்கு வாகான இடம். இடுக்கெல்லாம் காற்று; மழை பெய்தால் அமிலம் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். மேகாலயாவின் ஜெயின்டியா மலைகளில் நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரால் ஆறுகள் மீனற்றுப் போயின. அந்தத் துயரம் இன்னும் தீரவில்லை.

குவியலை மண்ணால் மூடினால் என்ன? மூடலாம். ஆனால் வெறும் மண் காற்றைத் தடுக்காது, ஈரமண்தான் தடுக்கும். உலர்ந்த துண்டை மூக்கில் வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள், பிறகு அதையே நனைத்து இழுத்துப் பாருங்கள். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீர் நிறைந்த களிமண் அடுக்கு, மூடி போட்ட பாத்திரம் மாதிரி.

அந்த ஈரத்தைக் காப்பதில் ஒரு நுட்பம் உண்டு. தண்ணீர் வடியட்டும் என்று பூந்தொட்டியின் அடியில் கூழாங்கல் போடுகிறோம். உண்மையில் மேலே இருக்கும் நுண்மண் நீரால் நிறையும்வரை ஒரு சொட்டும் கல்லுக்குள் இறங்காது. நுண்ணிய துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குவியல்மேல் கரடுமணலும் அதன்மேல் நுண்மண்ணும் பரப்பினால், இதே விதி கோடையிலும் போர்வையை ஈரமாக வைக்கும்.

நம்மைப் போலவே பருவமழையும் நீண்ட வறட்சியும் உள்ள வட ஆஸ்திரேலியாவில், 1971இல் மூடப்பட்ட ரம் ஜங்கிள் யுரேனியச் சுரங்கத்தில் 1980களில் கழிவுக் குவியல்மேல் ஒரு மண்போர்வை போட்டார்கள். கீழே 225 மில்லிமீட்டர் அழுத்திய களிமண், நடுவே ஈரம் காக்கும் மண், மேலே அரிப்பைத் தாங்கும் சரளை. முன்பு பெய்த மழையில் பாதிவரை குவியலுக்குள் இறங்கியது; போர்வைக்குப் பிறகு அது 5 விழுக்காட்டுக்கும் கீழே போனது. அருமையான வேலை. ஆனாலும் சில ஆண்டுகளில் கசிவு மீண்டும் கூடியது. கோடையில் களிமண் வெடித்தது, கரையான் துளைத்தது, மரவேர் இறங்கியது. கேரளத்திலும் இடவப்பாதி, துலாவர்ஷம் என்ற இரு பருவமழைகளுக்கும் பிறகு ஜனவரி முதல் மார்ச் வரை வானம் வறண்டுதான் கிடக்கிறது. எந்தப் போர்வைக்கும் பரீட்சை அந்த மூன்று மாதங்களில்தான். இங்கே மெல்லிய களிமண்ணை மட்டும் நம்புவது போதாது என்பேன். அதைக் காயாமல் காக்க மேலே தடித்த மண்ணும் ஆழ வேர்விடாத புல்லும் வேண்டும்.

கேரளத்துக் குட்டநாட்டில் கரிநிலங்கள் எனப்படும் வயல்களிலும் பைரைட் உண்டு. அங்கே உழவர் அஞ்சுவது வயல் வறண்டு வெடிப்பதற்குத்தான். காய்ந்த மண்ணில் அமிலம் ஊறி நெல் கருகும். அதனால் தண்ணீர் கட்டி, சுண்ணாம்பு தூவி, அதன்பிறகே விதைப்பைப் பற்றி யோசிக்கிறார்கள்.