பெயர் வந்த பாதை – 14
கொண்டைக்கடலை முதல் சின்னப்பர் வரை

சென்ற வாரம் கிரேக்கப் பெயர்களைப் பார்த்தோம். கிரேக்கர்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பெருமையைத் தேடினார்கள். பிலிப் என்றால் குதிரைப் பிரியன். அலெக்சாந்தர் என்றால் மனிதரைக் காப்பவன். ரோமாபுரிக்குள் நுழைந்தால் காட்சியே வேறு. அங்கே கவிஞர் ஓவிட்டின் கடைசிப் பெயர் ‘நாசோ’, அதாவது மூக்கர். பெருஞ்செல்வர் கிராஸுஸ், தடியர். தளபதி பாம்ப்பேயின் அப்பா ஸ்திராபோ, மாறுகண்ணர். கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஊரார் வைத்த பட்டப்பெயர் மாதிரியே இருக்கிறது. ஆனால் இவை கல்வெட்டில் பொறித்த, சபையில் சொல்லி அழைத்த பெயர்கள்.

குடியாட்சிக் காலத்தின் பிற்பகுதியில் உயர்குடி ரோமானியருக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள். முதலாவது வீட்டார் கூப்பிடுவது. இதில் வழக்கில் இருந்தவை இருபதைத் தாண்டாது. அதனால் கல்வெட்டில் முதல் ஓரிரு எழுத்தைப் போட்டாலே போதும், ஆள் மார்க்குஸா லூசியுஸா என்று தெரிந்துவிடும். இரண்டாவது குலப்பெயர். மூன்றாவதுதான் அந்தப் பட்டப்பெயர். யாரோ ஒரு பாட்டனாருக்கு ஒட்டிக்கொண்டது பேரன், கொள்ளுப்பேரன் வரை தொடர்ந்து வந்தது.

மார்க்குஸ் துல்லியுஸ் சிசரோ என்ற மாபெரும் பேச்சாளரை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் ‘சிசெர்’ என்றால் கொண்டைக்கடலை. முன்னோர் ஒருவரின் மூக்கு நுனி கடலையைப் போலப் பிளந்திருந்ததாம், புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். அரசியலில் இறங்கும்போது, இந்தப் பெயர் வேண்டாம், மாற்றிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்கள். சிசரோ கேட்கவில்லை. பெரிய குடும்பங்களின் பெயர்களைவிட இதைப் புகழ்பெற வைக்கிறேன் என்றார். பிறகு கி.மு. 75-இல் சிசிலித் தீவில் அதிகாரியாக இருந்தபோது தெய்வங்களுக்கு வெள்ளிப் பாத்திரம் ஒன்றைக் காணிக்கை கொடுத்தார். அதில் மார்க்குஸ், துல்லியுஸ் என்ற இரண்டை மட்டும் எழுத்தில் பொறிக்கச் சொன்னார். மூன்றாவது பெயருக்கு உரிய இடத்தில் ஒரு கொண்டைக்கடலையைச் செதுக்கவைத்தார். தன் பெயரை இவ்வளவு நிமிர்ந்து சுமந்த இன்னொருவரை நான் படித்ததில்லை.

ஆண்களுக்கு மூன்று என்றால் பெண்களுக்கு? அந்தக் காலத்தில் தனக்கென்று ஒரு பெயர் அநேகமாக இல்லை. அப்பாவின் குலப்பெயரைப் பெண்பாலாக்கி வைத்துவிடுவார்கள். ஜூலியுஸ் குலமென்றால் ஜூலியா, கொர்னேலியுஸ் குலமென்றால் கொர்னேலியா. இரண்டு மகள்கள் பிறந்தால் இருவருக்கும் அதே பெயர். மார்க் அந்தோனிக்கு ஒக்டாவியா பெற்ற இரு மகள்களும் அந்தோனியாதான். மூத்தவள், இளையவள் என்று சேர்த்துச் சொல்லிப் பிரித்தார்கள். சிசரோவின் அருமை மகள் துல்லியாவுக்கும் இதே கதைதான். இன்று உலகம் முழுக்க அழகான பெண்பெயர்களாக ஒலிக்கும் ஜூலியா, கிளாடியா, சிசிலியா எல்லாம் இப்படி வந்தவை. இதில் கிளாடியா என்ற சொல்லின் அடியில் ‘நொண்டி’ கிடக்கிறது, சிசிலியாவின் அடியில் ‘குருடு’.

கிளாடியா ஒருத்தியின் கையெழுத்து நமக்குக் கிடைத்திருக்கிறது. வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையின் ஈர மண்ணில் நூற்றுக்கணக்கான மர ஏடுகள் அகப்பட்டன. அஞ்சலட்டை அளவு, மெல்லிய சீவல், மேலே மை. அதில் ஒன்று ஏறத்தாழ கி.பி. 100-இல், கிளாடியா செவேரா தன் தோழி சுல்பிசியா லெபிதினாவுக்கு அனுப்பியது. செப்டம்பர் 11 தன் பிறந்தநாள், கட்டாயம் வரவேண்டும் என்று அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார். கடைசிச் சில வரிகள் மட்டும் பழகாத கையின் கோணல் எழுத்து, அவளே எழுதியது. தோழியை உடன்பிறந்தவள் என்றும் உயிரே என்றும் அழைக்கிறாள். செவேரா என்றால் கண்டிப்பானவள் என்று பொருள். பெயரில் நொண்டியும் கண்டிப்பும் இருக்க, ஏட்டில் இருப்பதெல்லாம் பாசம்.

அவள் காலத்துக்குள்ளாகவே பெயரின் பொருள் காதில் விழாமல் போய்விட்டது. அதை மறுபடி காதில் விழச் செய்தவர்கள் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானம் மறுபிறப்பு என்பதால் ‘ரெனாத்துஸ்’, மறுபடி பிறந்தவன். பிரெஞ்சில் அதுவே ரெனே. கடவுள் கொடுத்தார் என்ற முழு வாக்கியமே ‘தேயுஸ்தேதித்’ என்று பெயரானது; 7-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் ஒரு போப்பாண்டவரே இருந்தார். பெனதிக்துஸ் ஆசி பெற்றவன், பெலிக்ஸ் பாக்கியவான், வின்சென்ட் வெல்பவன்.

இனி, திருத்தூதர் பவுலுக்கு வருவோம். யூதப் பெயர் சவுல். ரோமக் குடியுரிமை உள்ளவர். அப்போஸ்தலர் பணி நூலின் 13-ஆம் அதிகாரத்தில், சைப்ரஸ் தீவில்தான் அவர் முதன்முதலாகப் பவுல் என்று குறிக்கப்படுகிறார். அந்தத் தீவின் ஆளுநர் பெயரும் செர்கியுஸ் பவுலுஸ் என்பது வியப்பான ஒற்றுமை. லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். ஆங்கிலேயர் பால் என்கிறார்கள், இத்தாலியர் பாவ்லோ, ஸ்பானியர் பப்லோ. ஒலி மட்டும் ஊர் ஊராக உருமாறியதே தவிர, அந்தச் ‘சின்ன’ எங்கேயோ விழுந்துவிட்டது.

தமிழ்க் கத்தோலிக்கர் அதை எடுத்து வைத்தார்கள். அவர்கள் வாயில் அவர் சின்னப்பர். ஜூன் 29 திருநாளை இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் திருநாள் என்றார்கள். பெனதிக்துஸை ஆசீர்வாதப்பர் என்றார்கள். 1680-இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்தான்சோ பெஸ்கி தமிழகம் வந்ததும் முதலில் சூடிய பெயர் தைரியநாதர். உறுதி தளராதவர் என்ற தன் லத்தீன் பெயரின் பொருளைத்தான் அப்படித் தமிழுக்குக் கொண்டுவந்தார். வீரமாமுனிவர் என்ற பெயர் பின்னால் வந்தது. பெயருக்குள் இருந்த பொருளை வெளியே எடுத்து, அதற்கு ‘அப்பர்’ என்று உறவும் மரியாதையும் சேர்த்துக் கூப்பிட்ட இந்த வேலை சாதாரணமானதல்ல. மொழிபெயர்ப்பில் இதைவிட அன்பான செயல் எனக்குத் தெரியவில்லை. (சின்னப்பன் என்ற பெயர் உள்ள எல்லாருக்கும் பவுல் காரணமல்ல, தமிழில் அது தனியாகவும் உண்டு.)

1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் பவுல், பேதுரு, யோவான் என்றே இருக்கிறது. எல்லாரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் சின்னப்பரும், யோவானுக்கு வழங்கிய அருளப்பர் என்ற பெயரும் பீடத்தைவிட்டு இறங்கியது பெரிய இழப்பு. ஈடு செய்ய முடியாதது.

உங்கள் குடும்பத்தில் சின்னப்பன், ஆசீர்வாதம், அருளப்பன் என்று ஒரு தாத்தா இருந்திருந்தால், அடுத்த பேரப்பிள்ளைக்கு அந்தப் பெயரை வையுங்கள்.

(தொடரும்)