எழுதுகோலுக்கு முந்திய படிப்பு

ஜூன் மாதத்தில் குழந்தையை மழலை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஆடி பிறப்பதற்குள்ளாகவே, "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்கத் தொடங்காத பெற்றோர் நம்மிடையே மிகவும் அபூர்வம். "ஒன்றும் எழுதவில்லை, தண்ணீர் ஊற்றினேன்" என்று குழந்தை சொல்லிவிட்டால் வீட்டில் உள்ளவர்களின் முகம் வாடிவிடுகிறது, கட்டிய சம்பளம் வீணாயிற்றோ என்ற சந்தேகமும், அடுத்த வீட்டுப் பிள்ளை அதற்குள் நோட்டுப் புத்தகத்தில் பாதியை நிரப்பிவிட்டதே என்ற கலக்கமும் ஒருங்கே எழுகின்றன. அக்கலக்கம் அன்பினால் விளைவதாகையால் அதைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் தண்ணீர் ஊற்றிய அந்தக் கால் மணி நேரத்தில் குழந்தை கற்றது என்ன என்பதை அருகில் அமர்ந்து பார்த்தவர்கள், பின்னால் வரப்போகும் எழுத்துக்கும் கணக்குக்கும் வேண்டிய ஆயத்தம் அங்கேதான் நடைபெறுகிறது என்பதைப் பிரத்யட்சமாக அறிவார்கள்.

சென்னையில் மாண்டிசோரி முறையில் நடைபெறும் ஒரு வகுப்பினுள் காலை வேளையில் நுழைகிறவருக்கு முதலில் தோன்றும் வியப்பு, ஆசிரியை எங்கே என்பதுதான். கரும்பலகைக்கு முன்னால் நின்று உரத்த குரலில் சொல்லிக்கொடுப்பவர் எவரும் அங்கே இல்லை. இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்கள்; சிலர் சிறு பாயை விரித்துத் தரையிலும், சிலர் தங்கள் உயரத்துக்கு ஏற்ற மேஜையிலுமாக, அவரவர் எடுத்துக்கொண்ட காரியத்தில் ஆழ்ந்திருக்கிறார்கள். சுவரோரமாக உள்ள அலமாரிகள் யாவும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைத்த பிறகே அடுத்ததை எடுக்கலாம் என்பதும், ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் குறுக்கிடலாகாது என்பதும் அங்கே உள்ள விதிகள். ஆசிரியையோ ஒரு மூலையில் ஒரு குழந்தையின் பக்கத்தில் சிறு முக்காலியில் உட்கார்ந்து, அக்குழந்தைக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர் ஊற்றும் அந்த வேலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டில், மூக்கு வைத்த இரண்டு சிறு பீங்கான் ஜாடிகள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்று காலி. பக்கத்தில் ஈரத்தை உறிஞ்ச ஒரு சிறு ஸ்பாஞ்சுத் துண்டு. இதற்கு முன்பே பச்சைப் பயற்றை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொரு கிண்ணத்துக்கு மாற்றிப் பழகியிருக்கும் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, இன்றுதான் முதல் முறையாகத் தண்ணீருக்கு வருகிறாள். ஆசிரியை பேசாமல், மிகவும் சாவதானமாக, ஒரு முறை ஊற்றிக் காட்டுகிறார். சொல்லும் செயலும் ஒருங்கே வந்தால் குழந்தையின் கவனம் இரண்டாகப் பிளவுபடும் என்பதனால் இந்த மௌனம். பிறகு சிறுமி தட்டை இரு கைகளாலும் ஏந்தி, சிந்தாமல் நடந்து, மேஜையை அடைகிறாள். ஜாடியின் காதை வலக்கை பற்றுகிறது. இடக்கை விரல்கள் மூக்கின் அடியில் தாங்குகின்றன. நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்க்கிறது. தண்ணீர் முழுவதும் இறங்கிய பிறகு மூக்கின் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கி நிற்கிறது. அந்தச் சொட்டை ஸ்பாஞ்சினால் ஒற்றியெடுக்கும் வரையில் வேலை முடிவதில்லை. மேஜையில் கொஞ்சம் சிந்தியும் இருக்கிறது. அதை யாரும் கண்டிக்கவில்லை, சுட்டிக்காட்டவும் இல்லை. ஈரம் தானே கண்ணுக்குத் தெரிகிறது, அவளே துடைக்கிறாள். பின்னர் அதே தண்ணீரைத் திரும்பவும் முதல் ஜாடிக்கு ஊற்றத் தொடங்கி, போதும் என்று யாரும் சொல்லாதபடியால், ஏழெட்டு முறை அதையே செய்கிறாள். வேலையின் வரிசைக்கிரமம், மணிக்கட்டின் அடக்கம், இடையறாத கவனம், தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் சுபாவம் ஆகிய இத்தனையும் ஒரே செயலில் அப்பியாசமாகின்றன.

சிறு குழந்தைகளுக்குக் கைவேலையே கல்வி என்னும் இந்த எண்ணம் நெடுநாளையது. ஜெர்மனி தேசத்தில் துரிங்கியா மலைப் பகுதியைச் சேர்ந்த பிரெடரிக் பிரோபெல் என்பவர் 1837-ல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தமது ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது, கம்பளி நூலால் ஆன ஆறு வர்ணப் பந்துகளையும், மரத்தால் ஆன உருண்டை, உருளை, கனசதுரம் ஆகியவற்றையும் பாடப் புத்தகத்தின் ஸ்தானத்தில் வைத்தார். அதற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1907 ஜனவரி 6-ல், ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்ஸோ பகுதியில், வைத்தியராகிய மரியா மாண்டிசோரி அம்மையார் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அந்த அம்மையாரே 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து, கீற்றுக் கொட்டகைகளில், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தியது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசாங்கம் அவருடைய மகன் மாரியோவைக் காவலில் வைத்தது; அவ்வாண்டு ஆகஸ்டு 31-ல், தாயாரின் எழுபதாவது பிறந்த நாளன்று, அவரை விடுதலை செய்தது. போர் முடியும் வரையில் ஊர் திரும்ப இயலாத அம்மையார், அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தமது பணியைத் தொடர்ந்து, 1946-ல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். இன்று தமிழ்நாட்டில் மழலை வகுப்புகளில் காணும் உபகரணங்கள் பலவற்றுக்கும் அந்தக் கொட்டகைகளோடு சம்பந்தம் உண்டு.

அவற்றில் ஒன்று, துளைகளில் பொருந்தும் மர உருளைகள். ஒரு நீண்ட கட்டையில் பத்துத் துளைகள். ஒவ்வொன்றுக்கும் அளவாகச் செய்யப்பட்ட ஓர் உருளை. உருளையின் தலையில் ஒரு சிறு குமிழ். கலைத்துப் போட்ட உருளைகளைக் குழந்தை மீண்டும் பொருத்த வேண்டும். ஒன்றைத் தவறான துளையில் இட்டால், கடைசியில் எஞ்சியது எஞ்சிய துளையில் நுழையாமல் நின்று தவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியையின் வாய்ச்சொல்லுக்கு வேலையே இல்லை. இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் அந்தக் குமிழ். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகிய மூன்றினால் மட்டுமே அதைப் பிடிக்க இயலும். எழுதுகோலைப் பிடிக்கப் போகும் விரல்களும் அவையே. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அவை எலும்பாகி, கடைசி எலும்பு உருவாவதற்குள் குழந்தைக்குப் பத்து வயதை ஒட்டிவிடுகிறது. இந்த உண்மையை மனத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து இரட்டைக் கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பது விளங்கும். கொடுமை என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். கை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிராயத்தில், அந்த வலியைக் குழந்தை படிப்பின் மீது வெறுப்பாகவே அறிந்துகொள்கிறது.

எழுத்துக்கு வருவதற்கு முன்னால் ஓசை வர வேண்டும். ஒரு கூடையில் பல்லி பொம்மை, பம்பரம், மணி, மரப்பாச்சி, கிண்ணம் என்று சில சாமான்களை இட்டு, "ப என்று தொடங்குவது எது, எடு பார்க்கலாம்" என்று ஆசிரியை கேட்க, குழந்தைகள் போட்டி போட்டுக்கொண்டு தேடுகிறார்கள். வாலையும் வாளையும், பல்லியையும் பள்ளியையும் காது பிரித்தறிந்தால்தான் எழுத்துப் பிழையின்றி எழுதும் காலம் பின்னால் வரும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் லகர ளகர ழகரங்களில் தடுமாறுவதைப் பார்த்து வருந்துகிறவர்கள், அந்தத் தடுமாற்றத்தின் வேர் மழலைப் பருவத்துக் காதில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

காது தேறிய பிறகு வருவன உப்புத்தாள் எழுத்துகள். வழவழப்பான பலகையில் உப்புத்தாளை எழுத்தின் வடிவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். குழந்தை இரண்டு விரல்களால் அதன்மீது தடவிச் செல்கிறது, தடவிக்கொண்டே ஒலியையும் உச்சரிக்கிறது. சொரசொரப்பிலிருந்து விரல் வழவழப்புக்கு வழுவினால் பாதை தவறிற்று என்று விரலே சொல்லிவிடும். பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆகிய ட, ப, ம, ய போன்றவற்றை முதலில் கொடுத்தால், படம், மடம் என்று உடனே சொல் அமைக்க முடிகிறது; சுழிகள் நிறைந்த அகரமும் இகரமும் பின்னால் வரலாம். 247 எழுத்துகளைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் கூடும் முறை ஒருமுறை பிடிபட்டால் மற்றவை தாமே வரும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் பொறுமை வேண்டும். கெ என்பதில் முதலில் ஒலிப்பது மெய், பின்னால் ஒலிப்பது உயிர். எழுதும்போதோ உயிருக்கு அறிகுறியான கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. காது சொல்லும் வரிசையும் கண் காணும் வரிசையும் மாறுபடும் இந்த இடத்தில் திகைத்து நிற்கும் குழந்தையை மந்தமென்று கருதிவிடலாகாது. அது மிகவும் சரியாகக் கேட்டதனால்தான் திகைக்கிறது.

விரலால் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம்; திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலே முதல் ஏடாக இருந்தது. 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியைக் கண்காணித்துவந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தமது விடுதியிலும் கையாண்டு, 1797-ல் இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். சான் லொரென்ஸோவிலோ, உப்புத்தாள் எழுத்துகளைத் தடவிப் பழகிய ஐந்து வயதுப் பையன் ஒருவன், மொட்டை மாடியில் புகைபோக்கியின் படத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டிருக்கையில், திடீரென்று தனக்கு எழுதத் தெரியும் என்று கூவி, தரையில் சொற்களை எழுதத் தொடங்கிவிட்டான். எழுது என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவனைப் பார்த்து மற்றக் குழந்தைகளும் தரையெங்கும் எழுதினார்கள் என்று அம்மையார் பதிவு செய்திருக்கிறார்.

எண்களிலும் இதே வழிதான். ஒன்று, இரண்டு என்று நூறு வரையில் ஒப்பிக்கும் குழந்தை, ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணி எடு என்றால் ஆறை எடுத்துவிடுவதை நாம் வீட்டிலேயே பார்க்கிறோம். மழலை வகுப்பில் 0 முதல் 9 வரை குறித்த அறைகள் உள்ள ஒரு பெட்டியும் 45 மரக்குச்சிகளும் இருக்கின்றன. ஒன்றின் அறையில் ஒரு குச்சி, இரண்டின் அறையில் இரண்டு என்று இட்டுக்கொண்டே போனால், ஒன்பதின் அறையில் ஒன்பதாவது குச்சியோடு கையிலுள்ளவை தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினாலும் குறைந்தாலும் எங்கோ பிழை. பூஜ்யத்தின் அறை வெறுமையாகவே இருக்கிறது. அதில் எதையாவது போட வேண்டும் என்று சில குழந்தைகளுக்குக் கை பரபரக்கும், போடாமல் விடுவதற்குச் சில நாள் பிடிக்கும். இதற்கு அடுத்த படியில் வரும் மணிகள் இன்னும் அருமையானவை: ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிகளின் சதுரம், ஆயிரம் மணிகளின் கனசதுரம். ஆயிரத்தை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்த குழந்தைக்கு, அது ஒன்றைவிட எவ்வளவு பெரிது என்பதை வாயால் விளக்க வேண்டியதில்லை.

நடுவில் பாட்டும் கதையும் உண்டு. அழ. வள்ளியப்பாவின் பாடல்களைக் கைகொட்டிப் பாடும்போது, சொல்லின் அசைகள் தாளத்தோடு காதில் பதிகின்றன. வெளியில் ஓடி, ஏறி, குதித்து விளையாடும் நேரத்தைப் பாடத்துக்குப் புறம்பானதாக எண்ணி எந்தப் பள்ளியும் குறைத்துவிடக் கூடாது.

இவையெல்லாம் செல்வர்களின் பிள்ளைகளுக்குத்தானே என்று சிலர் கேட்கக்கூடும். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் வழியாக எழுந்தவையே இன்று நம் ஊர்தோறும் உள்ள அங்கன்வாடிகள். 1982 ஜூலை முதல் தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டமும் பள்ளி செல்லாத சிறு குழந்தைகளை அணைத்துக்கொண்டது. அங்கே தடுப்பூசி, எடை பார்த்தல், சமையல், பதிவேடு ஆகிய இத்தனைக்கும் நடுவே, ஒரே பணியாளர் முன்பருவக் கல்வியையும் நடத்தவேண்டியிருப்பது பெரிய பாரம். அந்தப் பாரத்தைக் குறைப்பது அரசின் கடமை. ஆயினும் உருளைக் கட்டைகளை விலை கொடுத்து வாங்க இயலாத இடத்திலும் புளியங்கொட்டை உண்டு, சோழி உண்டு, மணல் உண்டு, வேப்பிலையும் அரசிலையும் உண்டு; பாட்டில் மூடிகளை நிறவாரியாகப் பிரிக்கலாம்; முறத்தில் கலந்த மொச்சையையும் துவரையையும் தனித்தனியே பொறுக்கலாம். சிற்றூர் அங்கன்வாடிகளில் பணியாளர்கள் இவற்றைக் கொண்டே அருமையாக வகுப்பு நடத்துவது உண்டு. அவர்களை "ஆயா" என்று ஊரார் அலட்சியமாக விளிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. "டீச்சர்" என்று அழைக்கப்படுவதற்கு அவர்களைவிட உரிமை உடையவர் யார்?

மத்தியானத்தில் குழந்தைகள் போன பிறகு, நல்ல ஆசிரியை ஒருவர் சிறிது நேரம் உட்கார்ந்து தமது குறிப்பேட்டில் எழுதுகிறார்: இந்தக் குழந்தை இன்று தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றியது, அந்தக் குழந்தை மூன்றாவது உருளைக் கட்டையில் இரண்டிடத்தில் தடுமாறியது, இன்னொன்றுக்கு ளகரமும் ழகரமும் காதில் இன்னும் பிரியவில்லை, வேறொன்று இன்று யாருடனும் பேசவில்லை, வீட்டில் விசாரிக்க வேண்டும். நாளைக்கு யாருக்கு எதைக் காட்டுவது என்பது இக்குறிப்புகளைக் கொண்டே தீர்மானமாகிறது. மழலை வகுப்பில் நிரம்பியிருக்க வேண்டிய நோட்டுப் புத்தகம் குழந்தையுடையது அன்று, ஆசிரியையுடையது. பெற்றோர் மாதம் ஒருமுறை பள்ளிக்குப் போய் அந்தக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பள்ளியாரும் மறுக்காமல் காட்ட வேண்டும்.