கதை யார் கையில்?

குட்டீஸ்... கதை கேட்கும்போது, 'ஐயோ, அந்தக் குகைக்குள்ளே போகாதே!' என்று கத்தத் தோன்றியிருக்கிறதா? நாம் கத்தினாலும் ராஜகுமாரன் போய்த்தான் தீருவான். கதையை முன்பே எழுதி முடித்து விட்டார்களே!

கதாநாயகன் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர், 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்.' அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் உருவாக்க, 1974ல் வெளிவந்தது.

காகிதம், பென்சில், பகடை இருந்தால் போதும். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவர். ஒருவர் கதை நடத்துபவர். அவரை 'டன்ஜன் மாஸ்டர்' என்பர். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கொள்வர்.

'எதிரே ஒரு பாலம். நடுவில் பூதம் நிற்கிறது. என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார் கதை நடத்துபவர். சண்டை போடலாம், நைசாகப் பேசிப் பார்க்கலாம், ஆற்றில் நீந்தியும் போகலாம். நடக்குமா என்று சந்தேகம் வந்தால், 20 முகம் கொண்ட பகடையை உருட்டுவர்.

இங்கேதான் சிக்கல்! பாலத்துக்கு அப்பால் கோட்டை, அதற்குள் புதையல் என்று கஷ்டப்பட்டு யோசித்து வந்திருப்பார் கதை நடத்துபவர். இவர்களோ, 'பாலமே வேண்டாம். காட்டுக்குப் போகிறோம்' என்பர். 'கூடாது' என்று தடுத்தால், விளையாடுபவர்களுக்கு என்ன வேலை? ரயில் தண்டவாளத்தை விட்டு விலக முடியாது அல்லவா? அதனால், இப்படிக் கட்டாயப்படுத்துவதற்கு 'ரயில்ரோடிங்' என்றே பெயர். சரி, இஷ்டத்துக்கு விட்டு விட்டால்? ஆளுக்கொரு திசையில் அலைந்து, கொட்டாவிதான் வரும்.

கெட்டிக்காரர்கள் முடிவை முன்பே எழுதி வைப்பதில்லை. அது எப்படிப்பட்ட ஊர், வில்லனுக்கு என்ன ஆசை என்பதை மட்டும் யோசித்து வைப்பர். காட்டுக்குப் போனால், கோட்டையிலிருந்து தப்பி வந்த ஒருவன் எதிர்ப்படுவான். அவனுக்கு உதவுவதா, வேண்டாமா என்பது விளையாடுபவர்கள் விருப்பம். ஆனால், வில்லன் அதுவரை காத்திருக்க மாட்டான்!

இந்த விளையாட்டு வெளிவரும் முன்பே, 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை உருவாக்கி, நண்பர்களுடன் விளையாடினார் ஆர்ன்சன். கோட்டையைக் காக்க வேண்டியவர்கள், அதன் அடியில் இருந்த பாதாள அறைகளையே சுற்றிக் கொண்டிருந்தனர். அந்தச் சமயம் பார்த்து, எதிரிகள் கோட்டையைப் பிடித்து விட்டனர்! நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. கதை புது இடத்தில் தொடர்ந்தது. விரும்பியதைச் செய்யலாம், விளைவையும் ஏற்க வேண்டும்!

இன்னொன்று... 'நான்தான் திருடன் ஆச்சே' என்று நண்பனின் பொற்காசையே திருடினால், அவனுக்கு ஆட்டம் கசந்து விடும். உங்களுக்கு உள்ள சுதந்திரம் அவனுக்கும் உண்டு.

விடுமுறையில் விளையாடிப் பாருங்களேன்! சாதாரணப் பகடையே போதும். 4, 5, 6 விழுந்தால் வெற்றி. கதை நடத்துபவருக்கு ஒரே நிபந்தனை... 'என்ன செய்வீர்கள்?' என்று கேட்டு விட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.