கூண்டிலே ஜடாயு

கூண்டில் அடைபட்ட பட்சியைக் கண்டால், கதவைத் திறந்து விட்டுவிட்டால் என்ன என்றே நம் மனம் எண்ணும். ஹரியானாவில், சிவாலிக் மலையடிவாரத்திலுள்ள பிஞ்சோருக்கு அருகே, சுமார் 100 அடி நீளமுள்ள கூண்டுகள் இருக்கின்றன. அங்கு மட்டும் அந்தக் கருணையைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவை பிணந்தின்னிக் கழுகுகள். ஜடாயுவின் பெயரைத் தாங்கிய அந்நிலையத்தில் 2004 முதல் அவற்றை இனப்பெருக்கம் செய்து வருகிறார்கள்.

பெயரைக் கேட்டதும் நேயர்கள் முகம் சுளிக்கலாம். கழுத்தோ மொட்டை; ஆகாரமோ அழுகிய மாமிசம். ஆனால் உயிருள்ள இரையைப் பற்றித் தூக்கும் வலிமை இதன் கால்களுக்குக் கிடையாது, செத்ததையே தின்னும். சவத்துக்குள் தலையை நுழைத்து உண்ணும் பிராணிக்கு இறகடர்ந்த கழுத்து இருந்தால் என்ன கதியாகும்! உண்டபின் நீரில் இறங்கிக் குளிப்பதிலும் இதற்கு மிகுந்த பிரியம். வயிற்றிலுள்ள அமிலமோ கொடிய நோய்க்கிருமிகளையும் அழிக்க வல்லது. ஒன்று கீழே இறங்குவதைத் தொலைவில் வட்டமிடும் மற்றொன்று பார்க்கும். அதை இன்னொன்று பார்க்கும். தந்தி, தபால் எதுவும் வேண்டாம். பெருங்கூட்டம் கூடிவிட்டால் செத்த மாடு ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாகிவிடும்.

1980-களில் நம் தேசத்தில் எங்கும் மலிந்திருந்த வெண்முதுகுக் கழுகுகளில், 2007-க்குள் ஆயிரத்துக்கு ஒன்றுதான் எஞ்சியது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்பதைப் பாகிஸ்தானில் ஆராய்ந்த நிபுணர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். மருந்துண்ட மாடு இறந்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலற்றுப்போகும். உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்மை படியும். சில தினங்களில் மரணம். எந்த அழுகலையும் ஜீரணிக்கும் வயிறு வைத்தியர் மருந்துக்குத் தோற்றது!

2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கென்று விற்ற பெரிய புட்டிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே 2015-ல் ஊசிமருந்துப் புட்டியின் அளவையே குறைக்க நேர்ந்தது. அதே தீங்கைச் செய்யும் வேறு இரண்டு மருந்துகளைத் தடுக்க 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் நடக்கும்வரை, கூண்டில் கிடைக்கும் ஆட்டிறைச்சிதான் நம்பத்தக்க ஆகாரம். அந்த ஆட்டையும் சில தினங்கள் தனியே வைத்திருந்து, உடலில் மருந்தின் எச்சம் இல்லாமற் பார்த்துக்கொள்கிறார்கள். குலம் பெருகுவதோ வெகு மந்தம். வருஷத்துக்கு ஒரே முட்டை. அதை ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பருவமடையச் சுமார் ஐந்து ஆண்டுகளாகும். எனவே முதல் முட்டையை எடுத்து யந்திரத்தில் பொரிக்க வைக்கிறார்கள். தாய் மீண்டும் ஒன்று இடுவதும் உண்டு.

2020 அக்டோபரில் 8 வெண்முதுகுக் கழுகுகளுக்கு அந்தக் கதவு திறக்கப்பட்டது. இருப்பிடத்தை அறிவிக்கும் சிறு கருவிகளையும் அவற்றின் முதுகில் பூட்டியிருந்தார்கள். அவை எவ்வளவு தூரம் பறக்கும் என்பதைவிட, எந்த மாட்டின்மேல் இறங்கும் என்பதே வளர்த்தவர்களின் கவலை.